திரையில் 3.1 மி.மீ. என்று வந்தால்: பிக் லைனுக்கு முன் கருவி அளக்கும் சிரையளவை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய், அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கீமோவுக்காக வலது மேல்கையில் பிக் லைன், அதாவது கைச் சிரை வழியாக இதயத்துக்குப் பக்கத்தில்வரை செலுத்தும் மெல்லிய நீண்ட குழாய், போடப் போகிறார்கள். ஒரு மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து, "சிரை 2.6 மி.மீ. தான் இருக்கு, கொஞ்சம் யோசிக்கணும்" என்றார்கள். சில நாள் கழித்து இன்னோர் இடத்தில் கருவியே திரையில் வட்டம் போட்டு 3.1 மி.மீ., 43% என்று காட்டியது. "நல்லா இருக்கு, போட்டுடலாம்" என்றார்கள். ஆள் அளந்ததை நம்புவதா, கருவி அளந்ததை நம்புவதா?

இரண்டுமே சரியான அளவாக இருக்கலாம். பிக் லைன் போடும் வேலையில் பல வருடங்களாக இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: கருவி கோடு போடுவதில் பெரிய தவறு செய்வதில்லை. தவறு நடப்பது அதற்கு முந்தைய அரை நிமிடத்தில், புரோப்பை (தோல்மேல் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் முனையை) பிடித்திருக்கும் கையில். எனவே யார் அளந்தார்கள் என்பதைவிட எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள்.

அந்த 43% எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். பிக் லைன் குழாயின் தடிமனை பிரெஞ்சு என்ற அளவில் சொல்வார்கள். பாரிஸில் அறுவைக் கருவிகள் செய்துவந்த ஷாரியேர் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த அளவு இது. 1 பிரெஞ்சு என்பது 1 மி.மீ.-ல் மூன்றில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் 4 பிரெஞ்சு குழாய் 1.33 மி.மீ., 5 பிரெஞ்சு 1.67 மி.மீ., 6 பிரெஞ்சு 2 மி.மீ. உள்ளே ஒரே ஒரு வழி, அதாவது ஒற்றை லூமென் உள்ள குழாய் பெரும்பாலும் 4 பிரெஞ்சு. இரட்டை லூமென் என்றால் 5, மூன்று என்றால் 6. அம்மாவுக்கு 4 பிரெஞ்சு என்று வைத்துக்கொண்டால் 1.33-ஐ 3.1-ஆல் வகுக்க 43% வருகிறது. அதையே 2.6-ஆல் வகுத்தால் 51%. குழாயின் விட்டம் சிரையின் விட்டத்தில் 45%-க்கு மேல் போகக் கூடாது என்கிறது அமெரிக்க இன்ஃப்யூஷன் நர்ஸஸ் சொசைட்டியின் வழிகாட்டுதல். பெரும்பாலான இடங்களில் கைக்கொள்வது இதைத்தான். ஓர் இடத்தில் தயங்கியதற்கும் இன்னோர் இடத்தில் சரி என்றதற்கும் நடுவில் இருப்பது வெறும் அரை மி.மீ.

ஏன் இந்த வரம்பு? சிரைக்குள் குழாயைச் செருகினால் அதைச் சுற்றி ரத்தம் ஓட இடம் வேண்டும். ஓட்டம் மந்தமாவது, சுவரில் காயம் படுவது, ரத்தமே உறையும் தன்மையோடு இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் ரத்தக்கட்டி விழும் என்பது 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ காலத்திலிருந்தே மருத்துவம் படிப்பவர்களுக்குச் சொல்லித்தருவது. புற்றுநோய் உள்ளவர்களுக்கு மூன்றாவது ஏற்கெனவே இருக்கிறது. குழாய் போடும்போது இரண்டாவது கொஞ்சமாவது நடக்கத்தான் செய்யும். நம் கையில் மிச்சம் இருப்பது முதலாவது மட்டும்தான். 45% என்பது விட்டத்தின் கணக்கு என்பதைக் கவனியுங்கள். பரப்பளவில் அது 20% தான். "ஐந்தில் ஒரு பங்குதானே அடைக்கிறது" என்று தோன்றும். ஆனால் ரத்தம் இப்போது சிரையின் சுவரோடு மட்டுமல்லாமல் குழாயின் சுவரோடும் உரசிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், ஓட்டம் பரப்பளவுக் கணக்கைவிட மிக அதிகமாகக் குறையும். 2011-ல் நைஃபாங், மெக்டெவிட் இருவரும் மாதிரிக் குழாய்களை வைத்துச் செய்த ஆய்வு இதைக் காட்டியது.

அதேசமயம் 45 என்ற எண் கல்லில் செதுக்கியதும் அல்ல. அதற்கு வலுச்சேர்த்த முக்கியமான ஆய்வு ரெபெக்கா ஷார்ப்பும் சக ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியாவில் செய்து 2015-ல் வெளியிட்டது. 45%-க்கு மேல் இருந்தவர்களுக்கு ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு 13 மடங்கு என்று அதில் வந்தது. கேட்க பயமாக இருக்கும். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் 136 பேர், கட்டி வந்தவர்கள் 4 பேர். 44% என்றால் பத்திரம், 46% என்றால் ஆபத்து என்று கோடு கிழிக்கும் அளவுக்கு இந்த எண்ணிக்கை போதாது. சிரைக்குழாய் போடுவதை ஆராயும் இத்தாலியின் காவெசெல்ட் குழு இன்னும் கறாரான கணக்கு வைத்திருக்கிறது: குழாய் சிரையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். 4 பிரெஞ்சு போட 4 மி.மீ. சிரை, 3 பிரெஞ்சு போட 3 மி.மீ. சிரை என்று மனப்பாடமாக வைத்துக்கொள்ள எளிது. எனக்கும் இந்தக் கணக்குதான் பிடிக்கும், அளப்பதில் வரும் சிறு பிழைகளுக்கு அதில் இடம் இருக்கிறது. அந்தக் கணக்கில் அம்மாவின் 3.1 மி.மீ. சிரைக்கு 3 பிரெஞ்சு குழாய்தான் பொருந்தும்.

சரி, கருவி எப்படி அளக்கிறது? அல்ட்ராசவுண்ட் படத்தில் ரத்தம் கறுப்பாகவும் சுவர் வெளுப்பாகவும் தெரியும். கறுப்பின் நடுவில் ஒரு புள்ளியை வைத்து, அங்கிருந்து எல்லாப் பக்கமும் கதிர்போலக் கோடுகளை விட்டு, ஒவ்வொரு கோட்டிலும் கறுப்பு முடிந்து வெளுப்பு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்துகிற ஒரு நீள்வட்டத்தைப் போடுவது பழைய வழி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட முறை இந்த வகை. படம் நகர நகர வட்டமும் கூடவே நகரும்படி செய்திருந்தார்கள். 2015-ல் யூ-நெட் என்ற நரம்பியல் வலை வந்த பிறகு, மனிதர்கள் கையால் வரைந்த ஆயிரக்கணக்கான எல்லைக்கோடுகளைக் காட்டிக் கருவிக்குப் பழக்கும் வழி பரவியது. கருவிக்குப் பாடம் எடுத்தவர்கள் சுவரின் உள்விளிம்பில் கோடு வரைந்திருந்தால் கருவியும் உள்விளிம்பில்தான் அளக்கும், வெளிவிளிம்பில் வரைந்திருந்தால் வெளிவிளிம்பில். குழாய்க் கணக்குக்கு வேண்டியது உள்ளளவு.

எல்லையைக் கண்டுபிடித்ததும், படத்தின் புள்ளிகளை மி.மீ. ஆக்குவது எளிய கணக்கு. உடலுக்குள் ஒலி விநாடிக்கு 1540 மீட்டர் போகிறது என்று எல்லாக் கருவிகளும் வைத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் ஒலி இதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும்தான், ஆனால் 3 மி.மீ. சிரையில் அதனால் வரும் பிழை 0.1 மி.மீ.-க்கும் குறைவு. அதை விட்டுவிடலாம். விட முடியாதது வேறொன்று. 10 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே சுமார் 0.15 மி.மீ. ஆக, திரையில் 3.12 என்று காட்டினால் அந்தக் கடைசி 2-க்கு அர்த்தம் இல்லை. இதுவும் மேல்சுவருக்கும் கீழ்ச்சுவருக்கும் நடுவே அளக்கும்போதுதான். சிரையின் இடது, வலது சுவர்கள் ஒலி போகும் திசைக்கு இணையாக நிற்பதால் எதிரொலியைச் சரியாகத் திருப்பி அனுப்புவதில்லை. படத்தில் அந்த இரண்டு பக்கமும் கலங்கலாகவே இருக்கும். கருவி அங்கே போடும் கோடு பாதி கணிப்பு. ஆழவாக்கில் வரும் எண்ணுக்கு இருக்கும் நம்பகம் அகலவாக்கில் வரும் எண்ணுக்குக் கிடையாது. கெய்ன் என்று சொல்லும் வெளிச்சத்தை அதிகமாகக் கூட்டிவைத்தாலும் சுவர் உள்பக்கமாகத் தடித்துத் தெரியும், அளவு குறையும்.

இப்போது கைக்கு வருகிறேன். பிக் லைனுக்கு முதலில் பார்ப்பது மேல்கையின் உள்பக்கம் ஓடும் பசிலிக் சிரை. மேல்கையை மூன்றாகப் பிரித்தால் நடுப்பகுதியில் குத்துவதுதான் நல்லது. அங்கே சிரை தோலிலிருந்து அதிக ஆழத்தில் இல்லை, உள்ளே அழுத்தமும் குறைவு. தண்ணீர் ஓடாத தோட்டக் குழாய் மேல் கால் வைத்தால் சப்பையாகிவிடுமே, கிட்டத்தட்ட அப்படித்தான். புரோப்பைக் கையில் சாய்த்து வைத்தாலே அதன் எடைக்குச் சிரை சப்பையாகிவிடும். படத்தில் வட்டமாக இருக்க வேண்டியது படுக்கைவாட்டில் நீண்ட முட்டையாக மாறும்.

ஒரு சிரை அப்படி அமுங்கி அகலம் 4.2 மி.மீ., உயரம் 2.2 மி.மீ. என்று ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி அகலத்தைச் சொன்னால் 4 பிரெஞ்சு குழாய்க்கு 32% வரும், எல்லோருக்கும் சந்தோஷம். உயரத்தைச் சொன்னால் 60%, போடவே கூடாது. பரப்பளவைக் கணக்கிட்டு அதற்குச் சமமான வட்டத்தின் விட்டத்தைச் சொன்னால் 44%, மயிரிழையில் தேறும். ஒரே கை, ஒரே சிரை, ஒரே படம், மூன்று பதில்கள்! கருவி ஒவ்வொரு முறையும் கோட்டைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது. திரையில் இருப்பது இந்த மூன்றில் எது என்று அந்தக் கருவியை வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருவிக்குக் கருவி இது மாறும், கையேட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பல இடங்களில் யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அமுக்காமல் அளக்க ஒரு வழி இருக்கிறது. ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, புரோப்பை அதன்மேல் மிதக்கவிட்டு, தோலுக்கும் புரோப்புக்கும் நடுவில் மெல்லிய கறுப்புப் பட்டை தெரியும்வரை தூக்குவது. சுண்டுவிரலை அம்மாவின் கையில் ஊன்றிக்கொண்டால் புரோப் நடுங்காது. மெதுவாகத் தூக்கத் தூக்க, முட்டை உருண்டு வட்டமாவதைத் திரையில் கண்ணால் பார்க்கலாம். வட்டமான அந்த நொடியில் படத்தை நிறுத்தி அளக்க வேண்டும். அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிட்டால், கருவி எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான், மேலே சொன்ன குழப்பமே இல்லை. புரோப் சிரைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதும் முக்கியம். 30 டிகிரி சாய்ந்தாலே ஒரு பக்கத்து அளவு 15% கூடிவிடும்.

அப்புறம் டூர்னிக்கெட், கையை இறுக்கிக் கட்டும் பட்டை. கையைக் கட்டினால் சிரை புடைக்கும், அளவு கூடும். குத்துவதற்குக் கட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் அளப்பதற்குக் கட்டக் கூடாது. குழாய் மாதக்கணக்கில் இருக்கப்போவது கட்டாத கையில் அல்லவா? நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், கையைக் கட்டி, துணி போர்த்தி, எல்லாம் தயாரான பிறகு யாராவது பொத்தானை அழுத்துவார்கள். கருவி புடைத்த சிரையை அளந்து அழகான சதவீதம் ஒன்றைக் காட்டும். கட்டியிருக்கிறதா இல்லையா என்பது கருவிக்கு எப்படித் தெரியும்? அம்மாவின் 2.6 ஒருவேளை அமுக்கிய கையிலிருந்தோ, வெறும் வயிற்றோடு தண்ணீர்கூடக் குடிக்காமல் போன நாளிலிருந்தோ வந்திருக்கலாம். 3.1 டூர்னிக்கெட்டிலிருந்து வந்திருக்கலாம். அறைக் குளிர், கையை நீட்டிய விதம் இவற்றாலும் சிரை சுருங்கி விரியும்.

கருவி பார்க்காத இன்னும் சில உண்டு. மேல்கையில் பசிலிக் சிரைக்குப் பக்கத்திலேயே பிரேக்கியல் சிரைகளும், அவற்றை ஒட்டி பிரேக்கியல் தமனியும் ஓடுகின்றன. படத்தில் தமனியும் கறுப்பு வட்டம்தான், அதுவும் சிரையைவிட அழகான வட்டம். சில கருவிகள் அதையும் அளந்து கொடுத்துவிடும். லேசாக அமுக்கிப் பார்க்க வேண்டும். சிரை மடங்கிவிடும், தமனி துடித்துக்கொண்டு நிற்கும். சிரையே மடங்காமல் நின்றால் உள்ளே பழைய கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அதோடு, அளப்பது ஓரிடத்தின் ஒரு குறுக்குவெட்டு. முழங்கைக்கு மேலிருந்து அக்குள்வரை புரோப்பை நகர்த்திக்கொண்டே போய், மேலே எங்காவது குறுகுகிறதா என்று பார்ப்பது மனிதரின் வேலை. கருவி போடும் சதவீதத்துக்கு எந்தக் குழாய் என்று மெனுவில் தேர்ந்தெடுப்பதும் மனிதர்தான். சில பிக் லைன்கள் வெளிமுனைக்குப் பக்கத்தில் தடித்து, போகப்போக மெலியும். உறைமேல் 4 பிரெஞ்சு என்று அச்சிட்டிருந்தாலும் தோலைத் துளைத்து நுழையும் இடத்தில் அதைவிடத் தடிமன் இருக்கும். சதவீதம் போட வேண்டியது அந்தத் தடிமனுக்கு.

இவ்வளவு சொன்னதால் தானியங்கி அளவு வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அது வேண்டும், எல்லா வார்டிலும் வேண்டும். காரணம் துல்லியம் இல்லை. பொறுமையாக அளக்கும் ஒருவர் காலிப்பரை, அதாவது திரையில் நகர்த்தும் அளவுப் புள்ளிகளை, வைத்துக் கையால் அளந்தாலும் அதே எண்தான் வரும். ஆனால் அவசரமான நாளில் பொறுமையாக அளப்பவர் யார்? "பார்த்தாலே தெரியுது, போகும்" என்ற கண்ணளவில்தான் எத்தனையோ குழாய்கள் போயிருக்கின்றன. திரையில் 52% என்று எண் வந்து நிற்கும்போது, உறையைப் பிரிக்கப் போன கை ஒரு கணம் நிற்கும். இரட்டை லூமென் கேட்ட டாக்டரிடம் போன் போட்டு, "ஒற்றை போதுமா சார்?" என்று கேட்க ஜூனியர் நர்ஸுக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும். அந்த எண் படத்தோடு சேர்ந்து பதிவாகிவிடுவதால், பின்னால் கை வீங்கினால் முதலில் என்ன அளவு இருந்தது என்று திரும்பிப் பார்க்க முடியும். கருவி தரும் பெரிய நன்மை இதுதான் என்று நம்புகிறேன்.

இதே நுட்பம் மற்ற ரத்தக்குழாய்களுக்கும் வந்துவிட்டது. ஜிஇ, மைண்ட்ரே போன்ற நிறுவனங்களின் ஐசியு கருவிகளில் வயிற்றுக்குள் ஓடும் பெருஞ்சிரையைத் தானாக அளந்து, மூச்சுக்கு அது எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் வசதி இருக்கிறது. 2.1 செ.மீ.-க்குள் இருந்து, வேகமாக மூச்சை உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் இதயத்தின் வலது மேலறையில் அழுத்தம் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கேயும் கதை ஒன்றுதான். மூச்சில் அந்தச் சிரையே பக்கவாட்டில் நகர்ந்து குறுக்குவெட்டு மாறினால், அது சுருங்கிவிட்டது என்று கருவி எண்ணிக்கொள்ளும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது முறை அளக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. ஐந்து நிமிட வேலை, வலியும் இல்லை. டூர்னிக்கெட் இல்லாமல், புரோப்பை அமுக்காமல், அம்மா நன்றாகத் தண்ணீர் குடித்திருக்கும் நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். 0.3 மி.மீ. இப்படியோ அப்படியோ மாறுவது சகஜம். 3 மி.மீ. சிரையில் அது 40%-க்கும் 49%-க்கும் உள்ள வித்தியாசம். அதனால் வரம்பை ஒட்டி வரும் எந்த எண்ணையும் "தேறிவிட்டது" என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒற்றை லூமென் போதுமா, 3 பிரெஞ்சில் கிடைக்குமா, பக்கத்திலுள்ள பிரேக்கியல் சிரை இதைவிடப் பெரிதா என்று கேட்பேன். 3 பிரெஞ்சில் மருந்து போகும் வேகம் குறையும், அது அம்மாவின் மருந்துகளுக்குப் போதுமா என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். இடது பக்கம் அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தக் கையைத் தவிர்ப்பதுதான் வழக்கம், எனவே வலது கையை அவர்கள் தேர்ந்தெடுத்தது சரியே.

இன்னொரு கேள்வி எந்தக் கருவியும் கேட்காதது: பிக் லைன்தான் வேண்டுமா? பிரிட்டனில் 1061 புற்றுநோயாளிகளை வைத்து நடந்த காவா ஆய்வு 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அதில் பிக் லைனையும் தோலுக்கடியில் வைக்கும் கீமோ போர்ட்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பகுதியில், சிக்கல் வந்தவர்கள் பிக் லைனில் 47%, போர்ட்டில் 32%. போர்ட்டுக்குச் சிறிய அறுவை வேண்டும், செலவும் கூட. ஆனால் கீமோ மாதக்கணக்கில் போகும் என்றால் டாக்டரிடம் இதைப் பேசியே ஆக வேண்டும். அதேபோல் அம்மாவுக்கு நீண்டகால சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ரத்தப் பரிசோதனையில் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். 45-க்குக் கீழே இருந்தால் பிக் லைனைத் தவிர்க்கச் சொல்கிறது 2015-ல் வந்த மிச்சிகன் வழிகாட்டுதல். பிற்காலத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் ஃபிஸ்டுலா (அதற்காகச் சிரையைத் தமனியோடு இணைப்பது) போட இந்தக் கைச் சிரைகள்தான் வேண்டும். பிக் லைனால் ஒரு சிரை அடைபட்டுப் போனால் அதை மீட்பது கடினம்.

எல்லாம் பேசி முடித்து பிக் லைன் போடுவதென்று ஆனால், போடுவதற்கு முன்பே தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து, முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. மேலே கையின் சுற்றளவை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். எந்த இடம் என்று ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளியும் வைத்துவிடுங்கள், அழியும்போது மறுபடி வைக்கலாம். வாரம் ஒருமுறை டிரெஸ்ஸிங் மாற்றும்போது அதே இடத்தில் அளந்து பாருங்கள். 3 செ.மீ. கூடி வீக்கமும் இருந்தாலோ, கையில் வலியோ சிவப்போ நிறமாற்றமோ தோன்றினாலோ, தோள், கழுத்துப் பக்கம் புதிதாக நரம்பு புடைத்ததுபோல் தெரிந்தாலோ அடுத்த கீமோ தேதிவரை காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போய் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுத்துவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக எமர்ஜென்சிக்கு. கட்டி இருப்பது தெரிந்தாலும் குழாயை உடனே பிடுங்க வேண்டும் என்று இல்லை. அது சரியான இடத்தில் இருந்து, வேலை செய்து, இன்னும் தேவையும் இருந்தால், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைக் கொடுத்துக்கொண்டே அதே குழாயில் கீமோவைத் தொடர்வதும் வழக்கம்தான்.